வழியில்லாத நடுப்பங்கு

போன வருடம் ஒரு மாதத்துக்கு மேல் நான் சென்னையில் பயிற்சியில் இருந்ததாகத்தான் திருமானூர்ப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செயற்கைக்கோள் உதவியோடு நிலம் அளக்கும் புதுக் கருவி வந்திருக்கிறது, சர்வேயர் அதைப் பழகப் போயிருக்கிறார் என்று என் மனைவி செல்வி கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அந்த முப்பத்து நான்கு நாளும் பெரம்பலூரில் ஒரு மனநல மருத்துவமனையின் மாடியில், ஆறு கட்டில் போட்ட அறையில் இருந்தேன். இதைப் படித்துவிட்டு, நான் அளந்து கொடுத்த எல்லை எல்லாம் தப்பு என்று யாராவது மறு அளவைக்கு மனுப் போட நினைத்தால் தாராளமாகப் போடலாம். கல்லெல்லாம் நட்ட இடத்தில்தான் இருக்கும்.

பொய் சொன்னதற்குக் காரணமே அந்த மனுக்கள்தான். இருபத்தேழு வருடமாக அரியலூர் மாவட்டத்தில் வரப்பு வரப்பாக நடந்திருக்கிறேன். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒருவர் சிரிப்பார், பக்கத்து வயல்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படித் திருப்பிக்கொண்ட முகங்கள் சில நூறாவது இருக்கும். சர்வேயருக்கு மூளை சரியில்லையாம் என்று ஒரு வார்த்தை போதும், அத்தனை பேரும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். என் அப்பா காலம் வரை எங்கள் குடும்பத்தில் யார் பேரிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல்களைத்தான் நான் பிற்பாடு படம் போட்டு அளந்தேன். சர்வேயர் என்று எடுத்த பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊர்கூடப் பரவாயில்லை. நான் அதிகமாகப் பயந்தது என் மகள் வெண்ணிலாவுக்கு. சின்ன வயதில் பள்ளி விடுமுறை என்றால் என்னோடு வயலுக்கு வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "விடாதம்மா" என்றால் எறும்பு கடித்தாலும் விடமாட்டாள். இப்போது பெரம்பலூரில் விடுதியில் தங்கி சிவில் எஞ்சினியரிங் படிக்கிறாள். "எங்கப்பா கோடு போட்டா அது கோடு" என்று தோழிகளிடம் சொல்கிற பெண். அவள் கண்ணில் நான் கோணிப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

நோய் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் பசி. பிறகு ஒருநாள் தா.பழூர்ப் பக்கம் ஒரு நெல் வயலில் எல்லைக்கல்லுக்கு முன்னால் நின்று, வயலின் எல்லையும் அளவும் குறித்த புலப்படத்தைப் பிரித்தேன். கோடும் எண்ணும் தெரிகின்றன, ஒன்றோடு ஒன்று சேரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கன்னம் நனைந்திருந்தது. கண்ணில் தூசி என்றேன். ஒரு தரப்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. மறு தரப்புக்காரர், "இந்தாளு அவங்ககிட்ட வாங்கிட்டாரு, நடிக்கிறாரு" என்றார். மற்ற நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து செல்வியிடம், "எனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றேன்.

அரியலூரில் காட்டினால் ஆபீஸ் ஆட்கள் கண்ணில் படும், திருச்சி என்றால் செல்வி வந்து போக முடியாது, அதனால் பெரம்பலூர் என்று ஆனது. வெண்ணிலா இருக்கிற ஊர்தான், ஆனால் மாடி அறைக்குள் அடைந்து கிடப்பவனை அவள் எங்கே பார்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, தைராய்டு, இதயத் துடிப்பு என்று வரிசையாகப் பார்த்தார்கள். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சோர்ந்தாலும் ஆளை இப்படிப் போட்டுவிடுமாம். அதாகவே இருக்கட்டும் என்று நான் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். ஏதாவது ஒரு சுரப்பியின் மேல் பழியைப் போட்டுவிடலாமே! எல்லா முடிவும் நன்றாக வந்து தொலைத்தது.

டாக்டர் மெதுவாகப் பேசுகிற மனிதர். செல்வியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "இனிமே இருந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதுங்களா?" என்று கேட்டார்.

"தோணுதுங்க" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சொன்னீங்களே, அது நல்லது. இதுக்கு மனச்சோர்வு நோய்னு பேரு. சோம்பேறித்தனம் இல்ல, கோழைத்தனமும் இல்ல. மூளையில நடக்கற வேலையில ஒரு தடுமாற்றம். மாத்திரை இருக்கு. ஆனா அது புடிக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க எங்க கண்ணு முன்னால இருக்கணும்" என்றார்.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். பெல்ட்டையும் பையில் இருந்த இரும்பு ஸ்கேலையும் வாங்கி வைத்துவிட்டார்கள். பெல்ட் இல்லாததைவிட ஸ்கேல் இல்லாததுதான் எனக்கு ஒருமாதிரி இருந்தது.

செல்வி தினமும் வருகிறேன் என்றாள். "நீ தினமும் பஸ் ஏறினா ஊரு கேக்காதா?" என்று எரிந்து விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வா, பின்வாசல் வழியாக வா என்றேன். அவளும் அப்படியே செய்தாள். திருமானூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து பெரம்பலூர் என்று பஸ் மாறி, தூக்குச்சட்டியில் ரசம் சாதமும் வேகவைத்த முட்டையும் கொண்டுவருவாள். நான் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடி வைப்பேன். "பாப்பாகிட்ட மட்டுமாவது சொல்லிடுவோங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். என் தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்லி அவள் வாயை அடைத்தேன். மற்ற கட்டில்களுக்கு மாமியார், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று சாயங்காலம் ஆனால் கூட்டம் சேரும். என் கட்டில் பக்கம் போட்டிருந்த ஸ்டூலை அவர்கள்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். திரும்பக் கொண்டுவந்து போட யாருக்கும் நினைவிருக்காது. எனக்கும் அது தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் பக்கம் போனேன். எதிரே கல்லூரி பஸ் நிற்கிற இடம். நாலைந்து பெண்கள் நின்றார்கள், அதில் ஒருத்தி வெண்ணிலா. அவள் விடுதி பக்கத்துத் தெருவில்தான் என்பது தெரியும். பஸ் ஏறுவது எனக்கு நேர் எதிரில் என்பது தெரியாது. ஜன்னலிலிருந்து அவள் நிற்கிற இடம் முப்பத்தெட்டு மீட்டர் இருக்கும். கண்ணளவுதான், ஆனால் என் கண்ணளவு ஒரு மீட்டருக்கு மேல் தப்பியதில்லை. சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒரு நாளும் விடாமல் அந்த நேரத்துக்கு ஜன்னலோரம் போய், பாதி முகத்தை மறைத்துக்கொண்டு பார்ப்பேன். காலையிலும் சாயங்காலமும் அரை மணி நேரம் செல்போன் தருவார்கள். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, காலையில் போன் அடித்தது. எதிரே அவள் காதில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பைலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறாள்.

"அப்பா, சாப்டீங்களா? சென்னையில மழையாமே, செய்தியில சொன்னாங்க. அங்க மழையாப்பா?"

"ஆமாம்மா. நல்ல மழை" என்றேன்.

"குடை வச்சிருக்கீங்கல்ல? நனையாதீங்கப்பா. சரி, பஸ் வந்துடுச்சு, அப்புறம் பேசுறேன்."

அவள் பஸ் ஏறுவதைப் பார்த்தேன். பிறகு கட்டிலில் வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

அடுத்த நாள் டாக்டர் என்னைப் படம் வரைகிற அறைக்கு அனுப்பினார். நோயாளிகளுக்கு அதை நடத்துகிறவர் ரஹ்மத் மேடம், மனநல ஆலோசகர். லெப்பைக்குடிக்காட்டுப் பெண், முப்பது வயது இருக்கும். மேசைமேல் கெட்டி அட்டையும் பாட்டில் பாட்டிலாகச் சாயமும் வைத்திருந்தார்.

"வூடு, மரம், சாமி ஒண்ணும் வேணாம் சார். உள்ளுக்குள்ள எப்படி இருக்கோ, அத கலர்ல வைங்க. அழகா இருக்கணும்னு இல்ல."

"ஸ்கேல் இருக்குங்களா மேடம்?"

"இல்ல சார்."

"பென்சில்?"

"அதுவும் வேணாம் சார். கைய வச்சே பண்ணுங்க."

இது என்ன கூத்து என்று நினைத்தேன். மாத்திரை டப்பாவின் ஓரத்தை ஸ்கேலாக வைத்துக் கறுப்புச் சாயத்தில் நாலு கோடு இழுத்தேன். மூலைக்கு மூலை கல் போட்டேன். பழக்கதோஷத்தில் மேலே ஒரு அம்புக்குறியும் போட்டேன்.

ரஹ்மத் மேடம் குனிந்து பார்த்தார். "இது என்ன சார்?"

"வடக்கு மேடம்."

"எதுக்கு?"

"வடக்கு தெரியாட்டி படத்த எப்படிப் புடிச்சுப் பாக்கறது?"

"எப்படி வேணா புடிச்சுப் பாக்கலாம் சார்" என்று சொல்லி அட்டையைத் தலைகீழாகத் திருப்பி என் முன்னால் வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால், கோபம் வந்ததே என்று அன்று சாயங்காலம் யோசித்தேன். தா.பழூரில் வராத கோபம் இங்கே வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் முக்கால் மணி நேரம். டப்பா ஓரத்தை மேடம் பிடுங்கி வைத்துவிட்டார். கோடு போட முடியாததால் சாயத்தைக் கொட்டித் தேய்த்தேன். காவியும் கறுப்பும் சேர்ந்து ஒரு பழுப்பு வரும், அதையே அட்டை முழுக்க அப்பினேன். காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு பூச்சு, விரல் நகத்தால் ஒரு கீறல், திரும்பவும் பூச்சு. ஈரத்தில் ஒரு நீலம் ஓடி என் பழுப்புக்குள் புகுந்தால் வயலில் மடை உடைந்ததுபோலப் பதறிக்கொண்டு துடைப்பேன். சில நாளில் துடைப்பதை விட்டுவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். என்ன படம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் என் தலை எதையும் கணக்குப் போடாமல் இருந்தது. செல்வியிடம் துடைக்கத் துணி வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிறு என் பழைய கைலியைத் துண்டு துண்டாகக் கிழித்து, நூல் பிரியாமல் நாலு ஓரமும் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். கந்தல் துணிக்கு ஓரம் தைக்கிறவளை என்ன சொல்வது? அன்றைக்குச் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

படம் நோயைக் குணமாக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். குணமாக்கியது மாத்திரையும் நாளும்தான். டாக்டர் வாரம் ஒருமுறை அட்டைகளை வரிசையாக வைத்து, "எங்க கனமா இருக்கு?" என்று கேட்பார். இங்கே என்று இடது மூலையைத் தொட்டுக் காட்டுவேன். வாயால் சொல்லத் தெரியாததைக் கையால் காட்டிவிட முடிந்தது. அதிலிருந்து பேச்சுத் தொடங்கும். அந்த அளவுக்கு அது உதவியது, இன்றைக்கும் உதவுகிறது.

இருபத்தாறாம் நாள் சனிக்கிழமை. ரஹ்மத் மேடம் பெரிய தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, ஆறு பேரும் சேர்ந்து ஒரே படம் வரையுங்கள், இன்னாருக்கு இன்ன இடம் என்று கிடையாது என்றார். எனக்குப் பகீரென்றது. இடம் பிரிக்காமல் ஆறு பேரை விட்டால் அடிதடியில்தானே முடியும்? மேடம் சாயம் எடுக்கத் திரும்பிய நேரத்தில் காலடியால் தாளை அளந்தேன். கறுப்பில் தூரிகையைத் தோய்த்து இரண்டு நிமிடத்தில் ஆறு பங்காகப் பிரித்துவிட்டேன். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறபோது ஒவ்வொரு பங்குக்கும் வண்டிப்பாதை விடாமல் நான் படம் போட்டதே இல்லை. வழி இல்லாத நிலம் இருந்தும் இல்லாததுபோலத்தான் என்று சண்டை போட்டு விடவைப்பேன். இங்கேயும் தாளின் ஓரத்தைச் சுற்றிப் பாதை விட்டு, ஐந்து பங்கும் அதில் வந்து சேருகிற மாதிரி வைத்தேன். அளந்து முடித்தபோது நடுவில் நின்றுகொண்டிருந்தேன், அதனால் நடுப்பங்கை நான் எடுத்துக்கொண்டேன்.

மேடம் திரும்பி வந்து பார்த்து, "யா அல்லாஹ், பட்டா போட்டுட்டீங்களா சார்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவரவர் பங்கில் உட்கார்ந்து பூசவும் தொடங்கினார்கள். என் அடுத்த கட்டில்காரர் பூலாம்பாடியில் உரக்கடை வைத்திருப்பவர், நாலு ஏக்கர் மக்காச்சோளமும் போடுகிறவர். அவர் சிவப்பைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்துக்கும் வழி விட்டுருக்கீங்க. ஒங்க பங்குக்கு எங்க வழி?"

பார்த்தேன். நாலு பக்கமும் மற்றவர்கள் பங்கு. எந்தப் பக்கமிருந்தும் என் பங்குக்குள் கால் வைக்க இடமில்லை. இருபத்தேழு வருடத்தில் நான் செய்யாத தப்பு. காது மடல் சூடாகிவிட்டது.

"இப்ப வழி வேணும்னா யாராச்சும் அவங்க எடத்துல விடணுமே" என்றேன்.

"எம் பங்குல எடுத்துக்கங்க. எங்க அண்ணனுக்கு வழி விடமாட்டேன்னு பதினோரு வருசமா கோர்ட்டுக்கு அலையறேன், இதுலயாச்சும் விடுறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் பங்குக்கும் என் பங்குக்கும் நடுவில் இருந்த ஈரக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார். அவருடைய சிவப்பு என் பழுப்புக்குள் வந்தது. நான் துடைக்கவில்லை. தாள் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லார் முன்னாலும் அழுதேன். கண்ணில் தூசி என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் வெண்ணிலாவைக் கூப்பிட்டேன்.

"அம்மாடி, நான் சென்னையில இல்ல. பெரம்பலூர்லதான் இருக்கேன். மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில சேந்துருக்கேன். நீ பஸ் ஏறுற எடத்துக்கு எதுத்தாப்புல."

"நிலா?" என்றேன். வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். "பாப்பா எங்கிட்டயும் பேசமாட்டேங்குறா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திங்கள் காலை ஜன்னலுக்குப் போனேன். மற்ற பெண்கள் நின்றார்கள், அவள் இல்லை. பஸ் வந்தது, போயிற்று. செவ்வாயும் இல்லை. வேறு எங்கேயோ போய் ஏறுகிறாள் என்று புரிந்தது. பொய் சொன்ன நாட்களிலாவது பார்க்கக் கிடைத்தாள், உண்மையைச் சொல்லி அதையும் தொலைத்தேனே என்று இருந்தது. புதன்கிழமை நான் படம் வரையப் போகவில்லை. ரஹ்மத் மேடம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், முன்வாசல் வழியாக வெண்ணிலா வந்தாள். தோளில் கல்லூரிப் பை. ஸ்டூலில் உட்காரவில்லை.

"சென்னையில மழையான்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

"ஆமான்னு சொன்னீங்கல்ல. அன்னிக்கு முழுக்க மழை நிக்கணுமேன்னு நெனச்சுட்டு இருந்தேன். நீங்க நனைஞ்சா சளி புடிக்குமேன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூலாம்பாடிக்காரர் மெல்ல எழுந்து வெளியே போனார்.

"எந்த ஜன்னல்?" என்று கேட்டாள்.

காட்டினேன். அவள் போய் நின்றாள், நான் சுவரோரம் எப்படி ஒதுங்கி நின்றேனோ அதே இடத்தில். அங்கிருந்து எதிரே பஸ் நிற்கிற இடத்தை நெடுநேரம் பார்த்தாள். அவள் தோள் குலுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். எழுந்து பக்கத்தில் போனேன்.

"இங்கேருந்து கூப்ட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்பா" என்றாள்.

ரோட்டில் பஸ் சத்தம், லாரிச் சத்தம், எங்கே கேட்டிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். முப்பத்தெட்டு மீட்டர். கேட்டிருக்கும்.